மாமாவின் லான்சரும் மூன்றரை லிட்டர் ஆயிலும்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க்குழுச் செயலாளர் எங்கள் வகுப்புக்கு வந்தபோது, "காதல் கவிதை மட்டும் வேண்டாம்டா, ஏற்கெனவே பதினாறு வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கவிதையும் வராது, காதலும் வரவில்லை. எனவே எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தை எழுதுகிறேன். அதிலும் நான் செய்த தப்பைத்தான் முதலில் எழுதப் போகிறேன். படித்துவிட்டுச் சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

நம்மில் பாதிப் பேர் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டை, திருவள்ளூர் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். வீட்டில் ஒருத்தராவது சிப்காட்டிலோ தேர்வாய் கண்டிகையிலோ மணலியிலோ எண்ணூரிலோ ஷிப்ட் பார்க்கிறார். நாம் டிப்ளமோ சேர்ந்த மறுநாளிலிருந்தே வீட்டுக்கு 'இன்ஜினியர்' ஆகிவிடுகிறோம். மிக்ஸி ஓடவில்லையா, நம்மைக் கேள். மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லையா, நம்மைக் கேள். அப்படித்தான் ஒரு நாள் என் மாமா என்னைக் கேட்டார்: "டேய் மாப்ள, நம்ம வண்டிக்கு என்னா ஆயிலுடா ஊத்தலாம்?"

மாமாவின் வண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது 2002-ம் வருட மிட்சுபிஷி லான்சர், ஒன்றரை லிட்டர் பெட்ரோல். லான்சர் என்றால் நம்மில் பலருக்குத் தெரியாது, நாம் பிறப்பதற்கு முன்னாடி வந்த வண்டி. 1998-ல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி ஜப்பானின் மிட்சுபிஷியோடு சேர்ந்து அதை இந்தியாவில் கொண்டுவந்தது. எங்கே பூட்டினார்கள் தெரியுமா? நம்ம திருவள்ளூரில்! அம்பாஸடர் வங்காளத்து உத்தர்பாராவில் பிறந்தது, லான்சர் இங்கே பிறந்தது. (அந்த ஆலை பின்னால் கைமாறி, 2021 முதல் சிட்ரோன் கார்கள் அங்கிருந்து வருகின்றன.) மாமா ஐ.டி.ஐ. முடித்த புதிதில் அந்த லைனில் கொஞ்ச நாள் காண்ட்ராக்டில் இருந்தவர். அன்றைக்குத் தொட்டுத் துடைத்து அனுப்பிய வண்டியை இருபது வருஷம் கழித்து மூன்றாவது ஓனராக அவரே வாங்கினார். "நம்ம ஊர்ல பூட்டின வண்டிடா" என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். வாங்கும்போது மீட்டரில் 2 லட்சத்து 18 ஆயிரம் கிலோமீட்டர்.

வண்டி ஆயில் குடித்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் போல. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு மடக்கு நீலப் புகை, அப்புறம் இல்லை. மாமா வழக்கமாக ஜி.என்.டி. ரோட்டில் ஒரு கடையில் பேரலிலிருந்து அளந்து ஊற்றும் 'லூஸ்' ஆயில் வாங்கி மேலே மேலே டாப்-அப் செய்துகொண்டிருந்தார். டிரெய்ன் பண்ணி எவ்வளவு நாள் ஆனது என்று கேட்டால், "அதான் மேல ஊத்திக்கினே கீறேனே, அது புதுசுதான?" என்பார்.

இப்போது இரண்டு ஆலோசனைகள் வந்தன. மாமாவின் மெக்கானிக் அண்ணன் (முப்பது வருஷ அனுபவம், ஒரு புளியமரம், இரண்டு ஜாக்கி) சொன்னது: "பழைய வண்டி, போர் தேஞ்சிருக்கும். கெட்டி ஆயில் போடு, 20டபிள்யூ-50. புகை நின்னுடும்." இரண்டாவது ஆலோசனை, இரண்டாம் ஆண்டு ஆட்டோமொபைல் மாணவனாகிய அடியேனுடையது: "அதெல்லாம் பழைய காலம் மாமா. ஃப்ளஷிங் ஆயில் விட்டு இன்ஜினைக் கழுவிட்டு, ஃபுல்லி சிந்தெட்டிக் 5டபிள்யூ-30 போடுங்க. இன்ஜின் புதுசு மாதிரி ஆயிடும்."

மாமா யாரை நம்புவார்? படிக்கிற பையனைத்தான்.

கழுவினோம். விலை உயர்ந்த ஆயில் மூன்றரை லிட்டர் போல ஊற்றினோம். சத்தம் குறைந்தது, நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். ஒன்பதாவது நாள் ராத்திரி ஆயாவுக்கு நெஞ்சு வலி. கும்மிடிப்பூண்டியிலிருந்து ஸ்டான்லிக்குக் கிளம்பினார்கள். கவரைப்பேட்டை தாண்டி, தச்சூர் கூட்டுரோடு தாண்டி, பஞ்செட்டி வரும்போது டேஷ்போர்டில் சிவப்பாக ஆயில் விளக்கு. அத்தை முன்சீட்டில், ஆயா பின்சீட்டில் அம்மா மடியில். நிறுத்துவாரா மாமா? "காரனோடை பாலம் தாண்டிட்டா போதும், டோல்கேட்டுல ஆம்புலன்ஸ் நிக்கும்" என்று ஓட்டினார். மூன்று கிலோமீட்டர் தாங்கவில்லை. டக டக என்று ஆரம்பித்த சத்தம் பெரிசாகி, வண்டி அப்படியே நின்றுவிட்டது. ரோடு ஓரம், கன்டெய்னர் லாரிகள் விர்விர்ரென்று போகின்றன, கிழவி மூச்சு வாங்குகிறது. 108 வந்தது, அவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆயா பிழைத்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் அந்த வண்டியில் ஏறச் சொன்னால் மட்டும், "நான் ரயில்ல வரேன்" என்கிறது.

மறுநாள் மெக்கானிக் அண்ணன் சம்ப்பைக் கழற்றினார். நானும் நின்றேன். சம்ப்பின் அடியில் ஆயில் பம்ப் உறிஞ்சும் இடத்தில் கம்பிவலை ஸ்ட்ரெய்னர் இருக்கும் அல்லவா, நமக்கு வரைபடத்தில் வட்டம் போட்டுக் காட்டுவார்களே, அது வெளியே வந்தபோது வலையே தெரியவில்லை. கறுப்பாக, ஆறிப்போன கேசரி மாதிரி ஒரு படிவம் அடைத்துக்கொண்டிருந்தது. வருஷக்கணக்கில் உள்ளே ஒட்டியிருந்த சகதியை என் ஃப்ளஷிங் இளக்கியது. புது ஆயிலில் இருந்த டிடர்ஜென்ட் அதை உதிர்த்தது. எல்லாம் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தது. பம்ப் உறிஞ்ச ஆயில் கிடைக்கவில்லை, பிக்-எண்டு பேரிங் இரண்டு போய்விட்டது, கிராங்க் கிரைண்டிங் செய்ய வேண்டிவந்தது. மொத்தம் முப்பத்தெட்டாயிரம் ரூபாய். மாமாவின் ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பளம்.

அவர் என்னைத் திட்டவில்லை. அதுதான் கஷ்டம். மெக்கானிக் அண்ணனும் திட்டவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே, "தம்பி, நீ சொன்ன ஆயில் நல்ல ஆயிலுதான். வண்டியத் தொறந்து பாக்காம சொன்ன பாரு, அதான்" என்றார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்கப்புறம்தான் புத்தகத்தை ஒழுங்காகத் திறந்தேன். பரீட்சைக்காக இல்லாமல் முதல் முறை! தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். மெக்கானிக் அண்ணனும் முழுக்கச் சரியில்லை, நானும் முழுக்கத் தப்பில்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

முதலில் டப்பாவில் போட்டிருக்கும் எண். 20டபிள்யூ-50 என்றால் ஐம்பது என்பது ஆயிலின் 'பவர்' என்று நினைப்பவர்கள் நம் ஹாஸ்டலிலேயே இருக்கிறார்கள். எஸ்.ஏ.இ. என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் அட்டவணைப்படி, பின்னால் வரும் எண் 100 டிகிரி செல்சியஸில், அதாவது இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்கிறது. 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை. 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை. 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. முன்னால் டபிள்யூ-வோடு வருவது குளிரில் எப்படி என்பது. டபிள்யூ என்றால் வின்டர், குளிர்காலம். 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியில் வைத்து, ஸ்டார்ட்டர் சுற்றுமா என்று சோதிக்கிறார்கள். 5டபிள்யூ-வை மைனஸ் 30-ல். நம் கும்மிடிப்பூண்டியில் மார்கழி விடியற்காலையில்கூட இருபது டிகிரிக்குக் கீழே போனால் ஊரே போர்வைக்குள் போய்விடும். எனவே குளிருக்குப் பயந்து 5டபிள்யூ வாங்க நமக்கு அவசியமில்லை.

ஆனால் அவசியமில்லை என்பதால் வித்தியாசமே இல்லை என்று ஆகிவிடாது. 40 டிகிரியில் ஒரு 20டபிள்யூ-50 ஆயில் சுமார் 160 சென்டிஸ்டோக் இருக்கும், 5டபிள்யூ-30 சுமார் 65 தான். நம் காலைநேர வெப்பத்தில் வித்தியாசம் இன்னும் கூடும். தேய்மானத்தில் பெரும் பங்கு ஸ்டார்ட் செய்த முதல் சில விநாடிகளில் நடக்கிறது என்று வகுப்பில் படித்தோமே. ராத்திரி முழுக்க வடிந்து கீழே போன ஆயில், மேலே கேம் ஷாஃப்ட் வரைக்கும் ஏறணும். பாயசம் ஏறும் வேகமும் மோர் ஏறும் வேகமும் ஒன்றா?

இங்கேதான் மெக்கானிக் அண்ணன்கள் எல்லோரும் ஒரு விஷயத்தில் ஏமாறுகிறார்கள். கெட்டி ஆயில் ஊற்றினால் பிரஷர் மீட்டர் ஏறும். மீட்டர் ஏறினால் இன்ஜின் பாதுகாப்பாக இருக்கிறது என்று எண்ணம். ஆனால் பிரஷர் என்பது ஆயில் போவதற்கு எவ்வளவு தடை இருக்கிறது என்பதன் அளவு. குளிர்ந்த கெட்டி ஆயிலில் பிரஷர் எகிறி, ரிலீஃப் வால்வு திறந்து, பேரிங்குக்குப் போக வேண்டிய ஆயில் சம்ப்புக்கே திரும்பி விழும். மீட்டர் சந்தோஷமாக இருக்கும். பேரிங்?

சரி, அப்படியானால் பழைய வண்டிக்குக் கெட்டி ஆயில் என்பது மூடநம்பிக்கையா? இல்லை நண்பர்களே. அதிலும் கணக்கு இருக்கிறது, அந்தக் கணக்கு எனக்குப் பிடித்துப்போனது. பேரிங்குக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி வழியாக ஆயில் பக்கவாட்டில் கசிகிறது. அந்தக் கசிவு இடைவெளியின் கன அளவுக்கு நேர்விகிதம், ஆயிலின் பிசுபிசுப்புக்குத் தலைகீழ் விகிதம். தேய்ந்து இடைவெளி பத்தே சதவீதம் கூடினால், 1.1-ஐ மூன்று தடவை பெருக்குங்கள், 1.33 வருகிறது. கசிவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. இப்போது 40-லிருந்து 50-க்குப் போனால் பிசுபிசுப்பு எவ்வளவு கூடும்? இரண்டின் நடு அளவை எடுத்தால் 14.4-லிருந்து 19.1. அதுவும் ஏறக்குறைய 1.33 தான்! ஆக, ஒரு கிரேடு ஏற்றுவது பத்து சதவீதத் தேய்மானத்தை ஈடுகட்டும். தேய்ந்த இன்ஜினுக்கு ஒரு படி கெட்டி என்பது முப்பது வருஷ அனுபவம் சொன்ன உண்மை. ஆனால் இடைவெளி இருபத்தைந்து சதவீதம் கூடிவிட்டால் கசிவு இரண்டு மடங்கு ஆகிவிடும். அப்புறம் எந்த டப்பாவும் உதவாது, பேரிங்தான் மாற்றணும். 'திக்னர்' என்று சின்ன பாட்டிலில் தேன் மாதிரி விற்கிறார்களே, அதை ஊற்றிப் புகையை மறைத்து வண்டியைத் தலையில் கட்டுகிறவர்கள் நம் பக்கத்தில் நிறைய உண்டு. பழைய வண்டி பார்க்கப் போனால் டிப்ஸ்டிக்கை எடுத்து விரலில் தொட்டுப் பாருங்கள். நூல் நூலாக வந்தால் நமஸ்காரம் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

என்னுடைய முதல் கருத்து இதுதான். எந்த ஆயில் என்று கேட்பதற்கு முன்னால், ஆயில் எங்கே போகிறது என்று கேட்க வேண்டும். மாமா வண்டியில் காலையில் ஒரு மடக்கு புகை, அப்புறம் இல்லை. இது ராத்திரி வால்வு ஸ்டெம் சீல் வழியாகச் சொட்டிய ஆயில். ரிங் தேய்ந்திருந்தால் ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போதெல்லாம் புகை வந்துகொண்டே இருக்கும். சந்தேகமிருந்தால் கம்ப்ரெஷன் டெஸ்ட் இருக்கவே இருக்கிறது. பிளக் துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுத் திரும்பப் பார்த்து, அழுத்தம் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு பக்கம். நாம் ரெக்கார்டு நோட்டில் எழுதி ஸார் கையெழுத்தும் வாங்கியிருக்கிறோம், அப்புறம் மறந்தும்விட்டோம். பி.சி.வி. வால்வு என்று ஒரு சின்ன சாமான், அடைத்துக்கொண்டால் கிராங்க் கேஸில் காற்றழுத்தம் கூடி எல்லா சீலிலிருந்தும் ஆயிலைத் தள்ளும். பெட்ரோலில் கழுவினால் சரியாகிவிடலாம். இதற்கெல்லாம் ஆகும் செலவு ஃபுல்லி சிந்தெட்டிக் ஒரு கேனைவிடக் குறைவு. மாமா வண்டியில் ஹெட்டைக் கழற்றியபோது பழைய ஸ்டெம் சீல் ரப்பராகவே இல்லை, பிளாஸ்டிக் மாதிரி ஒடிந்தது.

வெளிநாட்டில் 'ஹை மைலேஜ்' ஆயில் என்றே தனியாக விற்கிறார்கள். 75 ஆயிரம் மைல், அதாவது 1 லட்சத்து 20 ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிய வண்டிகளுக்கு. காய்ந்த சீல்களைக் கொஞ்சம் உப்பவைத்து மென்மையாக்கும் சேர்மானம் அதில் கூடுதலாக இருக்கும். காய்ந்து ஒடிந்துபோன சீலை அதுவும் உயிர்ப்பிக்காது. 1 லட்சத்து 20 ஆயிரத்தை எல்லாம் நம்ம ஊர் டாக்ஸி அண்ணன்களிடம் சொன்னால், "அது ரன்னிங்-இன் பீரியட் தம்பி" என்பார்கள்.

சிந்தெட்டிக் போட்டால் பழைய வண்டி ஒழுகும் என்றும் ஒரு பேச்சு உண்டு. ஆரம்ப காலத்து சிந்தெட்டிக் ஆயில்கள் சிலவற்றில் சீல் சுருங்கிய கதை உண்மைதான். இன்றைக்கு வருவதில் அந்தக் குறை சரிசெய்யப்பட்டுவிட்டது. ஆனால் சகதியே அடைப்பாக இருந்து ஒழுகாமல் காப்பாற்றிய இடத்தில், சகதி கரைந்ததும் ஒழுகும். எனவே வரலாறு தெரியாத பழைய இன்ஜினைக் கழுவவே கழுவாதீர்கள். இதை நான் முப்பத்தெட்டாயிரம் கொடுத்து வாங்கிய அறிவு, உங்களுக்கு இலவசம். சாதாரண நல்ல ஆயிலை ஊற்றி ஆயிரம் கிலோமீட்டரில் ஒரு தடவை மாற்றுங்கள், அப்புறம் மூவாயிரத்தில் ஒரு தடவை. கொஞ்சம் கொஞ்சமாக அழுக்கு வெளியேறும். ஒவ்வொரு தடவையும் ஃபில்டரையும் மாற்றணும். அதை மாற்றாமல் ஆயில் மட்டும் மாற்றுவது குளித்துவிட்டு அழுக்குச் சட்டையைப் போடுகிற மாதிரி. சீக்கிரம் கறுத்துவிட்டதே என்று ஆயிலைக் குறை சொல்லாதீர்கள். டிடர்ஜென்ட் வேலை செய்கிறது என்று அர்த்தம். கறுக்காமலே இருந்தால்தான் யோசிக்கணும்.

அப்புறம் ஏ.பி.ஐ. என்று டப்பாவின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும். பெட்ரோலுக்கு எஸ் என்று ஆரம்பிக்கும், டீசலுக்கு சி. எஸ்.எல். 2001-ல் வந்தது, எஸ்.என். 2010-ல், எஸ்.பி. 2020-ல். எழுத்து முன்னால் போகப் போகப் புதியது. 2002-ம் வருட வண்டிக்கு எஸ்.எல். போதும், அதற்கு மேலே எது கிடைத்தாலும் போடலாம். ஒரு விதிவிலக்கு, மோரிஸ் பரம்பரை இன்ஜின் போட்ட பழைய அம்பாஸடர்கள். அவற்றில் கேம் மேலே தட்டையான டாப்பெட் தேய்த்துக்கொண்டு ஓடும். அதைக் காப்பாற்றுவது ஆயிலில் இருக்கும் துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மானம். புகைபோக்கியில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெடாமல் இருக்க, எஸ்.எம். வந்த 2004-லிருந்து 30 மற்றும் அதற்கு மெல்லிய ஆயில்களில் பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்திவிட்டார்கள். அம்பாஸடர் வைத்திருப்பவர் விலை உயர்ந்த புது 5டபிள்யூ-30 போட்டால் காசும் போச்சு, கேமும் போச்சு. அவருக்கு 20டபிள்யூ-50 தான் சரி. பாருங்கள், மெக்கானிக் அண்ணன் சொன்ன அதே ஆயில், வேற வண்டிக்கு!

மாமா ஆயில் மாற்றியபோது மிச்சமிருந்த 5டபிள்யூ-30-ஐ என் நண்பன் ஸ்பிளெண்டரில் ஊற்றக் கேட்டான். அவனுக்காக ஒரு வரி. பைக்கில் கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே முங்கியிருக்கிறது. கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் பொருள் கிளட்ச்சையும் வழுக்கவைக்கும். டப்பாவில் 'ஜாஸோ எம்.ஏ.' என்று இருந்தால்தான் பைக்குக்கு.

இனி நான் உண்மையில் கோபப்படும் விஷயத்துக்கு வருகிறேன். லூஸ் ஆயில்.

நம் பக்கத்தில் ஹைவே ஓரமாக எத்தனை கடைகளில் பேரல் நிற்கிறது என்று எண்ணிப்பாருங்கள். மாமா வழக்கமாக வாங்கிய கடையிலேயே நான் ஒரு லிட்டர் வாங்கினேன். "டொன்டி-ஃபார்ட்டி" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அதையும் சீல் பிரிக்காத ஒரு 20டபிள்யூ-40-ஐயும் எங்கள் தெர்மல் லேபுக்கு எடுத்துப்போய், லேப் அசிஸ்டென்ட் அண்ணனிடம் கெஞ்சிக் கூத்தாடி, ரெட்வுட் விஸ்காமீட்டரில் வைத்தோம். எல்லோரும் செய்த எக்ஸ்பெரிமென்ட்தான். கோலிக்குண்டு மாதிரி அடைப்பானைத் தூக்கினால் ஐம்பது மில்லி வடிய எத்தனை விநாடி என்று ஸ்டாப் வாட்ச் பிடிப்போமே, அது. 40 டிகிரியில் சீல் டப்பா ஆயில் வடிய எட்டே முக்கால் நிமிஷம் ஆனது. பேரல் ஆயில் ஐந்தரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது. சூடான தகட்டில் ஒரு சொட்டு விட்டோம், பொரிகடலை மாதிரி படபடவென்று பொரிந்தது. தண்ணீர்! ஃபில்டர் பேப்பரில் ஒரு சொட்டு வைத்து மறுநாள் பார்த்தால், 'புது' ஆயில் நடுவில் கறுப்பு வட்டம். யாரோ ஒருத்தர் இன்ஜினிலிருந்து வடித்த ஆயிலைத் துணியில் வடிகட்டி, நிறம் தெளியவைத்து, திரும்ப நம் மாமாக்களுக்கு விற்கிறார்கள்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், நல்ல ஆயில் நம் வீட்டுப் பக்கத்திலேயே பிறக்கிறது. 1969-ல் ஓட ஆரம்பித்த மணலி சுத்திகரிப்பு ஆலையில் பெட்ரோல், டீசலோடு லூப் ஆயிலுக்கான அடிப்படை எண்ணெயும் எடுக்கிறார்கள். அதில் கலக்கும் சேர்மானங்களைச் செய்யும் இந்தியன் அடிட்டிவ்ஸ் ஆலையும் அதே மணலியில். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு, பேரலுக்கு முன்னால் கை நீட்டிக்கொண்டு நிற்கிறோம். காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. மாமா முட்டாள் இல்லை. லிட்டருக்கு இருநூறு, இருநூற்றைம்பது மிச்சம் என்றால், ஓவர்டைம் கிடைக்காத மாதத்தில் அது பெரிய காசு. ஆனால் பழைய வண்டிக்கு விலை உயர்ந்த ஆயில் தேவையே இல்லை என்பது தெரிந்திருந்தால், நடுவில் இருக்கும் சாதாரண சீல் டப்பாவை அவர் வாங்கியிருப்பார். அவருக்கு முன்னால் இருந்தது இரண்டே இரண்டு வழி என்று நினைத்துக்கொண்டார், பேரல் அல்லது ஆயிரம் ரூபாய் ஆயில். அந்த நினைப்பை உண்டாக்கியதில் என்னைப் போன்ற அரைகுறைகளுக்கும் பங்கு உண்டு.

இன்னொன்று, காலி டப்பா. பெயர் பெற்ற கம்பெனியின் காலி டப்பாவைப் பழைய இரும்புக்காரரிடம் முழுசாகப் போடாதீர்கள். அதே டப்பாவில் இந்தப் பேரல் ஆயில் ஏறி, மூடி போட்டுத் திரும்ப வரும். ஆணியால் நாலு ஓட்டை போட்டுவிட்டுப் போடுங்கள்.

வடித்த ஆயிலை என்ன செய்கிறோம்? உண்மையைச் சொல்லுங்கள். எங்கள் தெருவில் வேலிக்குக் கறையான் வராமல் ஊற்றுவார்கள், மீதி சாக்கடைக்கு. சாக்கடை ஆரணியாற்றுக்கு, ஆறு பழவேற்காட்டுக்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி, மீனவர்களின் வலையும் படகும் கறுப்பாகிப்போனதை நாம் எல்லோரும் பார்த்தோம். அது பெரிய ஆலைச் சமாசாரம் என்று நாம் சத்தம் போட்டோம், போட்டது நியாயம். நம் வீட்டு மூன்றரை லிட்டர் அதே தண்ணீருக்குத்தான் போகிறது. சட்டப்படி பயன்படுத்திய ஆயில் அபாயகரமான கழிவு. பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பு ஆலைகளுக்குத்தான் போக வேண்டும். 2024 ஏப்ரலிலிருந்து ஆயில் தயாரிப்பவர்களே அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. நம் புளியமரத்து மெக்கானிக் ஷெட் வரைக்கும் அந்த விதி இன்னும் நடந்து வரவில்லை. எங்கள் அண்ணன் இப்போது ஒரு டிரம் வைத்திருக்கிறார். யாருக்குக் கொடுப்பது என்பதில் மட்டும் இன்னும் குழப்பம், பேரல் கடைக்காரர்தான் நல்ல விலை தருகிறாராம்!

மாமா வண்டி இப்போது என்ன ஆனது என்று கேட்பீர்கள். கிராங்க் அரைத்து, புது பேரிங் போட்டு, ஸ்டெம் சீல் மாற்றி, பி.சி.வி. வால்வு கழுவி, ஏர் ஃபில்டரும் மாற்றினோம். எம்-சாண்ட் லாரிக்குப் பின்னாலேயே ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டர் ஆயிலைவிட முக்கியம், மணல் தூசி உள்ளே போனால் எந்த ஆயிலும் தேய்ப்புக் காகிதமாகிவிடும். ஆயில் என்ன போட்டோம் என்றால், 20டபிள்யூ-40, சாதாரண மினரல். நானும் மெக்கானிக் அண்ணனும் அரை மணி நேரம் சண்டை போட்டு வந்து சேர்ந்த எண் அது. பழைய ஜப்பானிய வண்டிகளின் கையேட்டில் பொதுவாக ஒரே கிரேடு இருக்காது, வெளி வெப்பத்துக்குத் தக்கபடி பட்டை பட்டையாக அட்டவணை போட்டிருக்கும். நம்ம ஊர் வெயில் எந்தப் பட்டையில் விழுகிறது என்று மாமாவே விரல் வைத்துக் காட்டினார். இப்போது ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்குக் கால் லிட்டர் குடிக்கிறது. இந்த வயதுக்கு அது நியாயமான குடிதான். ஞாயிறுதோறும் காலையில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி டிப்ஸ்டிக் பார்த்து, ஒரு டைரியில் கிலோமீட்டரும் அளவும் எழுதுகிறார். டேஷ்போர்டில் ஆயில் விளக்குக்குப் பக்கத்தில் ஸ்டிக்கரில் 'நில்' என்று எழுதி ஒட்டியிருக்கிறார். அந்த விளக்கு எரிந்தால் ஆயில் குறைகிறது என்று அர்த்தமில்லை, பிரஷர் ஏற்கெனவே போய்விட்டது என்று அர்த்தம். எவ்வளவு அவசரமானாலும் அந்த நொடியே இன்ஜினை அணைக்க வேண்டும். அன்றைக்கு ராத்திரி பஞ்செட்டியிலேயே நிறுத்தியிருந்தால் ஸ்ட்ரெய்னரைக் கழுவியதோடு போயிருக்கும். ஆயாவும் இருபது நிமிஷம் முன்னாடி ஆம்புலன்ஸில் ஏறியிருக்கும்.

மாணவர் பேரவைக்கு என் கோரிக்கை ஒன்று. நம் லேபில் ரெட்வுட் விஸ்காமீட்டர் வருஷத்தில் நாலு நாள்தான் வேலை செய்கிறது, மீதி நாளெல்லாம் துணி போர்த்தித் தூங்குகிறது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் அதைத் திறந்துவைத்து, சுற்றுவட்டாரத்து ஆட்டோ அண்ணன்கள், டிராக்டர்காரர்கள், நம் மாமாக்கள் யார் ஆயில் கொண்டுவந்தாலும் சோதித்துச் சொல்லலாமே! சூடான தகடும் ஃபில்டர் பேப்பரும் பெரிய செலவில்லை. துறைத் தலைவரிடம் நான் கேட்டேன். "பேரவை எழுத்தில் கொடுத்தால் பார்க்கலாம்" என்றார், மறுக்கவில்லை. விண்ணப்பம் எழுதிவைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் மூன்றாம் ஆண்டு ஆட்டோமொபைல் 'ஏ' பிரிவில் என்னிடம் வரலாம். முதல் சனிக்கிழமைக்கு மெக்கானிக் அண்ணனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆயில் கொண்டுவருபவர்கள் கால் லிட்டர் கொண்டுவந்தால் போதும். சுத்தமான பாட்டில், மூடி இறுக்கமாக இருக்கட்டும். எந்த வண்டி, எத்தனை கிலோமீட்டர், கடைசியாக எப்போது டிரெய்ன் செய்தது என்று ஒரு சீட்டில் எழுதி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிடுங்கள்.